திருகோணமலையிலிருந்து இரண்டு நாளில் நக்கிள்ஸ்: ஏற வேண்டாம், கடந்து பாருங்கள்

நீங்கள் கேட்டது இதுதான். உவர்மலையிலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளையும் வைத்துக்கொண்டு நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்த்துவிட்டு வர முடியுமா, அல்லது ஹபரணைக்குப் பக்கத்தில் இருக்கிற ரிட்டிகலையோடு நின்றுவிடுவதா? கூட வருவது முழங்கால் நோ உள்ள 64 வயது அம்மா, 10 வயது மகள், நீங்கள், உங்கள் கணவர். யாருக்கும் மலை ஏறிப் பழக்கமில்லை. வழிகாட்டி வேண்டுமா, அட்டைக் கடிக்கு என்ன செய்வது என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு மூன்று தரம் வாசித்தேன். தூரம் உங்களுக்குப் பெரிய கவலை இல்லை. அம்மாவை வாகனத்துக்குள் இருத்திவிட்டு மற்றவர்கள் மட்டும் காட்டைப் பார்த்துவிட்டு வருகிற பயணமாக இது ஆகிவிடக் கூடாது என்பதுதான் கவலை. என் பதில்: முடியும். சிகரம் ஏறுகிற எண்ணத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். நக்கிள்ஸை ஏறிப் பார்க்கிற மலை என்றே பலர் நினைக்கிறார்கள். ஒரு பக்கத்தால் ஏறி மறுபக்கத்தால் இறங்கினால்தான் அந்த மலை விளங்கும். அதற்கு வாகனம் போகிற ஒரு வீதி இருக்கிறது. அந்த வீதியில் அம்மாவும் வரலாம்.

நான் 26 வருடம் திருகோணமலையில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவன். வெளிக்கள வேலைக்காக மாணவர்களை ஏற்றிக்கொண்டு இந்த வீதியால் பல தரம் போய் வந்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் போனேன். நான் மலையேற்றக்காரனும் அல்ல, வைத்தியனும் அல்ல. ஆகவே நிலம், நீர், காற்று பற்றிச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உடம்பு பற்றிச் சொல்வதை அம்மாவைப் பார்க்கிற டொக்டரிடம் ஒரு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ரிட்டிகலையைப் பார்ப்போம். அது 766 மீற்றர் உயரமான தனி மலைத்திரள். வடக்குச் சமவெளியில் அதைவிட உயர்ந்த இடம் கிடையாது. 1941 இல் கடும் இயற்கை ஒதுக்கமாக அறிவிக்கப்பட்டது. அதனால் மேலே ஏறி உச்சியைத் தொடுவது சாதாரணப் பயணிக்கு இல்லை. நமக்குத் திறந்திருப்பது அடிவாரத்தில் உள்ள பழைய வனவாசத் துறவிமடத்தின் இடிபாடுகள்தான். பெரிய கற்குளம், காட்டுக்குள் போகிற கல் பாவிய பாதை, பாலத்தால் இணைத்த இரட்டைக் கல்மேடைகள், அவ்வளவும் அழகு. 9ஆம் நூற்றாண்டில் முதலாம் சேன மன்னன் கந்தையாடைத் துறவிகளுக்காகக் கட்டிக் கொடுத்தது என்பது வரலாறு. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது விழுந்த துண்டுதான் ரிட்டிகலை என்பது கதை. அதே கதையை உனவட்டுனையிலும் சொல்வார்கள், மன்னார்ப் பக்கத்திலும் சொல்வார்கள். ஆனால் மன்னாருக்கும் ரிட்டிகலைக்கும் கதையை விட உறுதியான தொடர்பு ஒன்று உண்டு. மன்னாரில் கடலில் விழுகிற அருவியாறு, சிங்களத்தில் மல்வத்து ஓயா, இந்த மலைப்பக்கத்தில்தான் ஊற்றெடுக்கிறது. இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பார்த்து முடியும் இடம் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் அங்கே முழுவதும் கற்படிதான், ஈரமானால் வழுக்கும். அம்மாவின் முழங்காலுக்கு நக்கிள்ஸ் வீதியை விட ரிட்டிகலைதான் கடினம். கிட்ட இருப்பது சுலபமானது என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி நக்கிள்ஸ். அது ஒரு மலை அல்ல. கண்டி, மாத்தளை என்ற இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடக்கிற, முப்பதுக்கு மேற்பட்ட சிகரங்கள் கொண்ட தொடர். உயர்ந்த சிகரமான கொம்பானிய 1,900 மீற்றரைச் சற்றுத் தாண்டும். கண்டிப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது பொத்திய கையின் முட்டிகள் போலத் தெரிந்ததால் வெள்ளைக்காரர் வைத்த பெயர் நக்கிள்ஸ். சிங்களத்தில் தும்பர மலைத்தொடர். 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவற்றோடு சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் உலக மரபுரிமையானது. இதற்குள் போக முக்கியமாக இரண்டு வாசல்கள். ஒன்று கண்டியால், தெல்தெனிய, ஹுன்னஸ்கிரிய வழியாக மீமுரே, கோர்பட் கணவாய்ப் பக்கம். மற்றது மாத்தளையால், ரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டன், பிட்டவல பத்தனைப் பக்கம். இணையத்தில் நீங்கள் பார்த்த படங்களில் பாதி மீமுரேப் படங்கள். அழகான கிராமம்தான். ஆனால் திருகோணமலையிலிருந்து போனால் இரண்டு நாளும் வீதியிலேயே கழியும், கடைசிப் பாதையில் அம்மாவின் இடுப்பு எலும்பு எண்ணப்படும். மீமுரேயை நான்கு நாள் லீவு கிடைக்கிற வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாத்தளை வாசலால் போங்கள்.

சனிக்கிழமை விடிய 5 மணிக்கு வெளிக்கிடுங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணை வரைக்கும் இரண்டு பக்கமும் யானைக்காடு. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் யானை வீதிக்கு வரும். வேகத்தைக் குறைத்து ஓட்டச் சொல்லுங்கள். வீதியோரம் யானை நின்றால் கண்ணாடியை இறக்கி வாழைப்பழம் நீட்டுகிற வேலை வேண்டாம். அப்படிச் சாப்பாடு கொடுத்துப் பழக்கித்தான் சில யானைகள் வாகனங்களை மறிக்கப் பழகிவிட்டன. ஹபரணை ஏறத்தாழ 85 கிலோமீற்றர், அங்கே காலைச் சாப்பாடு. தம்புள்ளையில் ஏ9 வீதியில் ஏறி மாத்தளைப் பக்கம் திரும்புங்கள். நாவுலைக்கு அப்பால் நாலந்தாவில் வீதியை விட்டு உள்ளே கொஞ்சத் தூரம் போனால் நாலந்தா கெடிகே இருக்கிறது. பல்லவர் பாணியில் முழுக்கக் கல்லால் கட்டிய சிறிய கோயில். உருவம் நம்முடைய சிவன் கோயில் போல, உள்ளே பௌத்த விகாரை. போவத்தென்ன என்ற நீர்த்தேக்கம் கட்டிய காலத்தில் தண்ணீருக்குள் போகாமல் கல் கல்லாகக் கழற்றி எடுத்து இப்போதுள்ள இடத்தில் திரும்பப் பொருத்தினார்கள். இது எந்த நூற்றாண்டு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. 8க்கும் 10க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம். கோணேசர் கோயிலோடு வளர்ந்த நமக்கு அந்த இடத்தில் நிற்கும்போது ஒரு நெருக்கம் வரும். அம்மா கட்டாயம் இறங்கிப் பார்க்கட்டும், நடை குறைவு.

மாத்தளையில் முத்துமாரியம்மன் கோயில் பெரிய வீதியிலேயே இருக்கிறது. அதை வெறும் கோயிலாக மட்டும் மகளுக்குக் காட்டாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு வேலைக்கு வந்த தமிழ்ச் சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளையில் வந்து சேர்ந்தார்கள். வழியிலேயே வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் செத்தவர்கள் ஏராளம். உயிரோடு வந்தவர்கள் முதலில் கும்பிட்ட அம்மன் இவள். மாசிமகத்துக்குப் பஞ்சரத பவனி நடக்கும். நீங்கள் காலையில் வாகனத்தில் குளிரூட்டி போட்டுக்கொண்டு வந்த வீதியில் ஒரு பகுதி அவர்கள் நடந்த வழிதான். ரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் அவர்களின் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். வழியில் தேத்தண்ணிக் கடையில் தமிழில் பேசிப் பாருங்கள், பயணத்தின் பாதி உதவி அங்கேயே கிடைக்கும்.

அன்று பின்னேரமே மலைக்கு ஏறிவிட ஆசை வரும். வேண்டாம். மலையில் நல்ல காலநிலையிலும் மதியத்துக்குப் பிறகு முகில் கூடும், மழை வந்தால் பெரும்பாலும் பின்னேரம்தான் வரும். ரத்தோட்டையிலோ மாத்தளையிலோ தங்குங்கள். நேரம் இருந்தால் ரத்தோட்டைக்கு அப்பால் பம்பரகிரி எல்ல நீர்வீழ்ச்சியைத் தொங்குபாலத்தில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கீழே தண்ணீர் ஆழம், குளிக்க இறங்க வேண்டாம். இரவு நேரத்தோடு படுங்கள்.

ஞாயிறு காலை 6 மணிக்கு ஏறத் தொடங்குங்கள். இந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் முழுப் பயணமும். முதலில் மிளகு, கராம்பு, ஏலக்காய் கலந்த வீட்டுத் தோட்டங்கள். பிறகு தேயிலை. கொண்டையூசி வளைவுகளில் ஏறஏறத் தேயிலை விட்டுப்போய்க் காடு வரும். இன்னும் மேலே போனால் மரங்கள் குட்டையாகும். கிளைகள் முறுக்கிக்கொண்டு, பாசியும் ஓர்க்கிட்டும் ஒட்டி, உச்சியெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். காற்று சீவிவிட்ட தலைமுடி போல இருக்கும். இவை வயதில் இளையவை என்று நினைக்காதீர்கள். ஆள் உயர மரம் ஒன்று உங்கள் அம்மாவை விட மூத்ததாக இருக்கலாம். முகில் இந்த இலைகளிலும் பாசியிலும் மோதித் துளியாகி நிலத்தில் சொட்டும். மழை பெய்யாத நாளிலும் மரம் முகிலைப் பிழிந்து ஓடைக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இதைப் பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் படிப்பிப்போம். அந்த மரத்தடியில் நின்று தலையில் துளி விழுந்த பிறகுதான் என் மாணவர்களுக்கு அது உண்மையானது.

ரிவர்ஸ்டன் கணவாயில் இறங்குங்கள். காற்று ஆளைத் தள்ளும். மகளின் கையை விடாதீர்கள், தொப்பி போனால் போனதுதான். தொலைத்தொடர்புக் கோபுரத்துக்குப் போகிற பாதை ஏற்றம், அம்மா கீழேயே நிற்கலாம். கீழே நிற்பதால் அவர் எதையும் இழக்கப் போவதில்லை. கணவாயில் நின்று இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வந்த பக்கம் ஈரமும் கடும் பச்சையும். போகப்போகும் கிழக்குப் பக்கம் வெளிறிய புல்லும் காய்ந்த சரிவும். ஒரே மலை, இடையில் ஒரு முகடு. வைகாசி முதல் புரட்டாதி வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி இறங்கும்போது காய்ந்து சூடாகிவிடும். அது சமவெளியால் ஓடி நம்மிடம் வரும்போது அதற்குக் கச்சான் என்று பெயர். ஆனி, ஆடியில் திருகோணமலையில் வாய் வறண்டு, சுவர் சுட்டு, தூக்கம் வராமல் கிடக்கிறோமே, அந்தக் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்கிற மலைகளில் ஒன்றின் மேல்தான் அப்போது நிற்பீர்கள். மார்கழி, தையில் கதை மாறும். வாடைக்காற்று நம் கடலிலிருந்து ஈரத்தைக் கொண்டுபோய்க் கிழக்குச் சரிவில் கொட்டும்.

தண்ணீரும் அப்படித்தான். இந்தத் தொடரில் விழுகிற மழையில் ஒரு பகுதி அம்பன் கங்கைக்குப் போகிறது. அம்பன் கங்கையை எலஹெரவில் மறித்துக் கால்வாய் வழியே மின்னேரியாவுக்குக் கொண்டுபோனது பழைய மன்னர் காலத்து வேலை. அங்கிருந்து கவுடுல்ல, கந்தளாய்க் குளம் வரைக்கும் கால்வாய்த் தொடர் இருக்கிறது. திருகோணமலை நகரத்தின் குழாய்த் தண்ணீர் கந்தளாய்க் குளத்திலிருந்து வருகிறது. மறிக்கப்படாமல் ஓடுகிற மிச்சம் மகாவலியோடு சேர்ந்து கொட்டியாரக் குடாவில், மூதூர்ப் பக்கத்தில், கடலுக்குப் போகிறது. உங்கள் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீரில் எவ்வளவு பங்கு இந்த மலையினுடையது என்று அளந்து சொல்ல முடியாது. ஆண்டுக்கு ஆண்டு அது மாறும். பங்கு உண்டு என்பது மட்டும் நிச்சயம். ஆகவே யாரோ ஒருவருடைய மலைக்குச் சுற்றுலா போகிறோம் என்று நினைக்காமல் போங்கள்.

கணவாயைத் தாண்டி இறங்கினால் பிட்டவல பத்தனை. சரிந்த பாறையின் மேல் மெல்லிய மண், அதன் மேல் புல். மண் ஆழமில்லாததால்தான் மரம் வளரவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கி உள்ளே போக வேண்டும். நடை பெரிதாக இல்லை, ஆனால் நிலம் ஒழுங்கில்லை. அம்மா ஊன்றுகோலோடு மெதுவாகக் கொஞ்சத் தூரம் வரலாம், விளிம்பு வரைக்கும் வரத் தேவையில்லை. விளிம்பைச் சின்ன உலக முடிவு என்பார்கள். அங்கே சரேலென்று பள்ளம். படம் எடுப்பதற்காகப் பின்பக்கமாக நடக்கிற பழக்கத்தை அந்த இடத்தில் விட்டுவிடுங்கள். தண்ணீர் கசிகிற பாறை தென்பட்டால் மகளைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பாறையின் நிறத்திலேயே தட்டையான சிறு தவளை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கலாம். உலகத்தில் நக்கிள்ஸைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. மூக்கு நுனியில் இலை போன்ற ஒன்றை வைத்திருக்கிற ஓணானும் இந்த மலைக்கே உரியது, மேலே ஈரக்காட்டில் இருக்கும். தெனன்ட் என்ற, வெள்ளைக்காரர் காலத்துக் குடியேற்ற நாட்டுச் செயலாளரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். இவற்றைத் தேடி அலையாதீர்கள். நின்று பொறுமையாகப் பார்க்கிற பிள்ளையின் கண்ணுக்குத்தான் இவை தெரியும். தொடவும் வேண்டாம்.

அதற்குக் கீழே இலுக்கும்புற. பிறகு சேர எல்ல நீர்வீழ்ச்சி. நீர்த்திரைக்குப் பின்னால் குகை போல இடம் இருக்கிறது, உள்ளே நின்று தண்ணீரின் முதுகைப் பார்க்கலாம். மகள் வாழ்நாளுக்கும் மறக்கமாட்டாள். ஆனால் இறங்குவதற்குப் படிகள் இருக்கின்றன. அம்மாவின் முழங்காலுக்கு ஏறுவதை விட இறங்குவதுதான் வலி தரும். ஆகவே அந்த இடத்தில் மட்டும் உங்களில் ஒருவர் அம்மாவோடு மேலே இருந்து, மற்றவர் திரும்பி வந்ததும் ஆள் மாறிக்கொள்ளுங்கள். மதியம் 12 மணிக்கு வாகனத்தைத் திருப்பிவிடுங்கள். வந்த வழியே மாத்தளை, தம்புள்ளை. ஹபரணையை 5 மணிக்கு முன்னர் தாண்டிவிட வேண்டும், இருட்டுக்குள் கந்தளாய்க் காட்டு வீதி வேண்டாம்.

இனி, எப்போது போவது. உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: ஐப்பசி நடுவிலிருந்து தை வரைக்கும் இந்த வீதியைத் தவிருங்கள். கிழக்குச் சரிவில் அப்போது மழை, மண்சரிவு அபாயம், அட்டை எல்லாம் உச்சத்தில் இருக்கும். மாசி, பங்குனி நல்லது. சித்திரையில் பின்னேர இடி உண்டு, காலையில் பிரச்சினையில்லை. ஆனி முதல் ஆவணி வரைக்கும் கிழக்குப் பக்கம் காய்ந்திருக்கும், ஆனால் கணவாயில் காற்று கடுமை. நிச்சயமில்லாதது எது என்றால், நீங்கள் போகிற அந்தக் காலையில் முகில் விலகுமா என்பதுதான். மாசியிலும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாமல் திரும்பியிருக்கிறேன். அதை ஏமாற்றமாக எடுக்காமல், முகிற்காட்டை முகிலோடு பார்த்தோம் என்று எடுத்துக்கொள்ள மகளைத் தயார்ப்படுத்துங்கள்.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கண்டி, மாத்தளை மலைகளில் மண்சரிவுகள், இங்கே மகாவலியின் வாயில் மூதூர், வெருகல் பக்கம் வெள்ளம். மேலே சரிந்ததும் கீழே பெருகியதும் ஒரே மழை. அப்படி அசைந்த சரிவுகள் அடுத்த பெருமழைக்கும் இலகுவில் அசையும். ஆகவே தங்குமிடத்துக்குத் தொலைபேசி எடுத்து ரத்தோட்டை, இலுக்கும்புற வீதி திறந்திருக்கிறதா, வாகனம் போகுமா என்று புறப்படுவதற்கு முதல் நாள் கேளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மண்சரிவு எச்சரிக்கை விடும். மாத்தளை மாவட்டத்தில் ரத்தோட்டை, லக்கல பிரிவுகளுக்கு மஞ்சள் நிற எச்சரிக்கை இருந்தால்கூட உங்கள் குடும்பத்தோடு போகாதீர்கள். தங்குமிடத்துக்குக் கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.

இதை அழுத்திச் சொல்வதற்கு எனக்குக் காரணம் உண்டு. ஒரு வருடம், பரீட்சைக்கு முன் எப்படியாவது வெளிக்கள வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் ஐப்பசி மாதத்தில் 22 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தெல்கமு ஓயாவில் முழங்கால் அளவு தண்ணீர். கல் தாண்டி அக்கரைக்குப் போய்க் கூழாங்கல் அளந்துகொண்டிருந்தோம். எங்கள் தலைக்கு மேல் வெயில். மேலே மலையில் மட்டும் கறுத்திருந்தது. அரை மணித்தியாலத்துக்குள் தண்ணீரின் நிறம் தேத்தண்ணி போல மாறியது. முதலில் சருகுகள் வந்தன, பிறகு கொப்புகள். நாங்கள் திரும்பிப் பார்த்தபோது தாண்டி வந்த கற்களைக் காணவில்லை. பின்னேரம் வற்றும் வரைக்கும் அக்கரையிலேயே இருந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் நான் படிப்பித்த பாடத்தை நானே பார்க்கத் தவறிய நாள் அது. ஆகவே குளிக்கிற இடத்தில் நின்று வானத்தைப் பார்ப்பது போதாது, மலையைப் பாருங்கள். தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், சாமானை விட்டுவிட்டு உடனே கரையேறுங்கள்.

வழிகாட்டி பற்றி. நான் சொன்ன வீதிக்கும் பத்தனைக்கும் சேர எல்ல நீர்வீழ்ச்சிக்கும் வழிகாட்டி தேவையில்லை. வீதியை விட்டுக் காட்டுப் பாதையில் கால் வைப்பதாக இருந்தால் வனத் திணைக்களத்தின் அனுமதியும் அந்த ஊர் வழிகாட்டியும் கட்டாயம். கூடாரம் அடிப்பதற்கும் அனுமதி வேண்டும். இலுக்கும்புறவில் திணைக்களத்தின் நிலையம் இருக்கிறது, கட்டணம் அவ்வப்போது மாறுவதால் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டி கிடைத்தால் இராவணன் கதைகள் நிறையச் சொல்வார். லக்கேகல சிகரத்தில்தான் இராவணனின் விமானம் நின்றது என்பார். கேட்டு மகிழுங்கள். இராவணன் வெட்டையும் கன்னியா வெந்நீரூற்றையும் வைத்திருக்கிற நாம் அவர்களோடு சண்டைக்குப் போக முடியாது. ஆனால் மகளுக்கு இது கதை, அது வரலாறு என்று பிரித்துச் சொல்லிக் கொடுங்கள்.

அட்டை. பயம் வேண்டாம், ஆயத்தம் வேண்டும். வீதியிலும் காய்ந்த புல்வெளியிலும் அட்டை குறைவு. ஈரக் காட்டிலும் ஓடைக்கரையிலும் மழைக்குப் பிறகும்தான் கூடும். நீளக் காற்சட்டை போட்டு, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகி, காலுறையின் மேல் காய்ந்த சவர்க்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். சித்தாலேப பூசினாலும் சரி. நெருக்கமாக நெய்த துணியில் தைத்த அட்டைக் காலுறை கிடைத்தால் அதுவே மேல். மகளுக்கு செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள பழைய சப்பாத்து போதும். கடித்துவிட்டால் பிடித்து இழுக்காதீர்கள். நகத்தை அதன் வாய்ப்பக்கம் தோலோடு சேர்த்துச் சுரண்டினால் கழன்றுவிடும். நெருப்பு வைப்பதும் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒன்றைச் சுரப்பதால் கடித்த இடம் நெடுநேரம் கசியும். பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் போகிற இரத்தம் கொஞ்சம்தான். கழுவி, துணியால் அழுத்திப் பிடித்துக் கட்டுங்கள். பிறகு வருகிற அரிப்பைச் சொறிந்து புண்ணாக்குவதால்தான் தொல்லை. ஒரு விடயத்தை மட்டும் கவனியுங்கள். அம்மா இருதயத்துக்காக இரத்தத்தை இளக்கும் குளிசை எடுப்பவர் என்றால் இந்தக் கசிவு நிற்க நேரம் எடுக்கும். அதை டொக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். புல்வெளியில் நடந்து வந்தால் இரவு காதுமடல், தலைமுடி, இடுப்புப் பட்டியின் கீழ் உண்ணி இருக்கிறதா என்று மகளைப் பார்த்துவிடுங்கள்.

பாம்பும் உண்டு. சருகு நிறத்தில், மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறு விரியன் ஒன்று இருக்கிறது. அதன் கடிக்கு நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமாகப் போடுகிற இந்திய விஷமுறிவு மருந்து வேலை செய்வதில்லை, ஆனாலும் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், சிறுநீரகத்தை அவர்கள் கவனிக்க வேண்டியிருக்கும். கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். பார்க்காத இடத்தில் கை வைக்காமல், சருகுக்குள் காலை விடாமல் நடந்தால் போதும். 1990 அம்புலன்ஸ் சேவை அந்தப் பக்கமும் இருக்கிறது. சில வளைவுகளில் தொலைபேசி அலை கிடைக்காது என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள்.

கொண்டுபோக வேண்டியதில் முக்கியமானது ஆளுக்கொரு மழைக்கோட்டு, குடை அல்ல. கணவாய்க் காற்றில் குடை நிற்காது. அம்மாவுக்கு ஒரு ஊன்றுகோல், தலைக்கு ஒரு கம்பளிச் சால்வை. சாப்பாட்டுப் பார்சலை வாழையிலையில் கட்டினாலும் லஞ்ச் ஷீட்டில் கட்டினாலும், கட்டியதெல்லாம் திரும்ப வாகனத்தில் வர வேண்டும். பத்தனையில் நெருப்பு மூட்டவே மூட்டாதீர்கள். காய்ந்த புல்லில் ஒரு தீப்பொறி காற்றோடு காட்டுக்குள் போய்விடும். ஏலக்காய்க்காக அடிக்காட்டை வெட்டிய காலத்தின் காயம் இன்னும் ஆறாத காடு அது. பெரிய மரங்கள் நிற்கும், கீழே இளங்கன்று இருக்காது. அப்படியான இடங்களைக் கவனித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

கடைசியாக மகளுக்கு ஒரு வேலை. ஒரு சாதாரண வெப்பமானி வாங்கிக் கொடுங்கள். சனி விடிய வீட்டு வாசலில், ஹபரணையில், ரத்தோட்டையில், ஞாயிறு காலை கணவாயில், பிறகு பத்தனையில், ஒவ்வொரு இடத்திலும் வாகனத்துக்கு வெளியே நிழலில் ஐந்து நிமிடம் பிடித்து, நேரத்தோடு சேர்த்து எழுதட்டும். 1,000 மீற்றர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. விடியலில் எடுத்த அளவும் மதியத்தில் எடுத்த அளவும் ஒப்பிடத் தகாது என்பதையும், காற்றும் முகிலும் கணக்கைக் குழப்பும் என்பதையும் அவளே கண்டுபிடிப்பாள். திரும்பி வந்ததும் அந்தத் தாளை எனக்கும் காட்டுங்கள். என் மாணவர்கள் வருடா வருடம் எழுதிய அட்டவணைகள் இன்னும் அலுமாரியில் இருக்கின்றன, பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.